சாவடி தெரியும், பள்ளி தெரியுமா?

விடியற்காலையில் குண்டடம் பேருந்து நிறுத்தத்திலே நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும் அந்தக் காட்சி. கம்பெனி வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். தூக்குப் போசியும் கையுமாக ஆண்களும் பெண்களும் ஏறுவார்கள். உறக்கம் தெளியாத கண்கள். துவைத்துத் துவைத்து நிறம் மங்கிய சட்டை. உலகத்துக்கு உடை தைத்துக் கொடுப்பவனுடைய சட்டை அது! ஒரு வண்டி பல்லடம் போகும். ஒரு வண்டி திருப்பூர் போகும். ஒரு வண்டி அவினாசிப் பக்கம் போகும். பெருந்துறை சிப்காட்டிலே சில காலம் பாடுபட்டுத் திரும்பியவர்களும் அந்தக் கூட்டத்திலே இருப்பார்கள். அப்படிப்பட்ட ஒருவரை நிறுத்தி, “தோழரே, விஜயமங்கலத்தில் என்ன இருக்கிறது?” என்று கேட்டோம்.

“டோல்கேட்டு இருக்குதுங்க” என்றார்.

“சீனாபுரத்தில்?”

“மாட்டுச் சந்தைங்க. நல்ல கறவை மாடு வருமுங்க.”

இரண்டு பதிலிலும் பிழையில்லை. கோவையிலிருந்து சேலம் போகிற நெடுஞ்சாலையிலே சுங்கச் சாவடி இருக்கத்தான் செய்கிறது. சீனாபுரத்திலே மாட்டுச் சந்தை கூடத்தான் செய்கிறது. அவரைக் குறை சொல்ல நமக்கு உரிமையும் இல்லை. நாம் மட்டும் அதிகமாக என்ன அறிந்திருந்தோம்? மாநாட்டுக்கு அந்த வழியே போனோம். மறியலுக்குப் போனோம். தேர்தல் வேலைக்குப் போனோம். கொடி கட்டிய வண்டியிலே தொண்டை கட்டும் வரை முழங்கிக்கொண்டு போனோம். தமிழ் வாழ்க என்றுதான் முழங்கினோம்! விஜயமங்கலம் வந்தால் வண்டியை நிறுத்தித் தேநீர் குடித்தோம். மறுபடி ஏறி முழங்கினோம். அந்தத் தமிழுக்கு இலக்கணம் வகுத்தவனுடைய மண்ணைத் தாண்டிக்கொண்டுதான் முழங்குகிறோம் என்பது நமக்குத் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டோம். கட்டிங் மாஸ்டர் ஒருவர், பவர் டேபிள் டெய்லர் ஒருவர், பஞ்சாலையிலே முப்பது ஆண்டு உழைத்து ஓய்ந்த பெரியவர் ஒருவர், நாம். வாரம் ஆறு நாளும் ஒன்றரை ஷிப்டு பார்க்கிறவனுக்கு ஞாயிறு என்பது தூக்கத்தின் பெயர். அதை விட்டுக்கொடுத்து வந்தார்கள் இரண்டு இளைஞர்களும். டெய்லர் தோழருடைய தாயார் வாசலுக்கு வந்து, “கோயலுக்குங்ளா? நீங்களுங்ளா?” என்று கேட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கடவுளைக் கேள்வி கேட்டு வளர்ந்த கூட்டம் கற்பூரம் வாங்கப் போகிறதே என்ற சிரிப்பு அது. சிரிக்கட்டும். போவது கற்பூரத்துக்கல்ல என்பதைத் திரும்பி வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று வண்டி ஏறினோம்.

பல்லடம் தாண்டி, திருப்பூர் தாண்டி, வெண்ணெய்க்குப் பெயர்போன ஊத்துக்குளி தாண்டி, விஜயமங்கலம். இறங்கியதும் காதை அடைக்கிறது சாலை. சரக்கு லாரிகளும் சிமெண்டு லாரிகளும் சீறுகின்றன. கேரளத்துக்குப் போகிற பெட்டக வண்டிகள் பூமியை அதிரவைக்கின்றன. அந்த இரைச்சலை முதுகுக்குப் பின்னால் விட்டு, ஊருக்குள்ளே நடந்து மேட்டுப்புதூர் பக்கம் போனால், மரங்களுக்கு மேலே ஒரு கோபுரம் தெரிகிறது. ஊரார் அதற்கு வைத்திருக்கும் பெயரே “நெட்டைக் கோபுரம்” என்பதுதான். உள்ளே இருப்பவர் யார் என்று கேட்டால் அமணீஸ்வரர் என்பார்கள். அமணர் என்ற பழைய சொல் அந்தப் பெயரிலே உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. சந்திரப்பிரபர் என்ற எட்டாவது தீர்த்தங்கரருக்கு எடுத்த கோயில் அது. தீர்த்தங்கரர் இருபத்து நால்வர்; ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாளம் உண்டு; இவருக்குப் பிறை.

வெளியே வேப்ப நிழலில் ஆடுகளை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். “சேட்டுமாருங்களா நீங்க?” என்று கேட்டார். கட்டிங் மாஸ்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் சிரித்து ஒதுக்குகிற கேள்வியல்ல அது. சமணர் என்றால் நமது நினைவுக்கு வருவது யார்? வடக்கேயிருந்து வந்து நூல் வியாபாரமோ அடகுக் கடையோ நடத்துகிற சேட்டு. அது அவர்களுடைய குற்றமல்ல, நமது மறதி. தமிழையே தாய்மொழியாகக் கொண்டு, தமிழ் மண்ணிலே ஏர் பிடித்து, தமிழிலே எழுதித் தமிழராகவே வாழ்ந்த சமணர்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள். திருவண்ணாமலை, விழுப்புரம், காஞ்சிபுரம் பக்கத்து ஊர்களிலே இன்றும் அவர்கள் குடும்பங்கள் உண்டு. செஞ்சியை அடுத்த மேல்சித்தாமூரிலே அவர்களுடைய மடம் உண்டு. வடக்கத்திச் சமணரையும் சேர்த்து எண்ணியே 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுச் சமணர் தொகை ஒரு இலட்சத்தை எட்டவில்லை. கொங்கு நாட்டிலோ, கோயில்கள் நிற்கின்றன; குடிகள் ஏறக்குறைய மறைந்துவிட்டன.

உள்ளே போனோம்.

அமைதி என்ற சொல்லை மேடையிலே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். “அமைதி, அமைதி, தலைவர் பேசுகிறார்!” என்று ஒலிபெருக்கியிலே கத்தித்தான் நமக்குப் பழக்கம். கத்தாமல் கிடைக்கிற அமைதி இது. மணியோசை இல்லை. சிறப்புத் தரிசனச் சீட்டு இல்லை. தட்டை நீட்டுவோர் இல்லை. உன் குலம் என்ன, கோத்திரம் என்ன என்ற கேள்வி இல்லை. குளிர்ந்த கல், கல்லிலே விழுகிற வெயில், எங்கேயோ ஒரு மைனா. நமது குண்டடத்திலேயே தேய்பிறை அட்டமி என்றால் வடுகநாதர் கோயிலிலே வெளியூர்க் கார்கள் வரிசை கட்டும். இங்கே எங்கள் நால்வரின் செருப்பு மட்டும் வாசலிலே கிடந்தது.

அமைதியிலே மயங்கி நாம் அறிவைக் கழற்றி வைத்துவிடவில்லை. உலகத்தைப் படைத்த கடவுள் என்று ஒருவன் இல்லை என்பது சமணக் கொள்கை. கேட்கும்போது இனிக்கிறது நமக்கு. ஆனால் அதே சமணம்தான் முன்வினை என்கிறது; இப்பிறவியின் மேடும் பள்ளமும் போன பிறவியின் கணக்கு என்கிறது. அந்தக் கணக்கை நாம் ஏற்பதற்கில்லை. கைமடித்தும் பிசிறு வெட்டியும் வயிறு வளர்க்கிற பெண்ணின் கூலி குறைந்தது போன பிறவியின் வினையால் அல்ல என்பதைத் தொழிற்சங்கத்தின் முதல் பாடமாகப் படித்தவர்கள் நாம். கொள்கையிலே முரண்பட்டுக்கொண்டே ஒருவருடைய கொடையை மதிக்கலாம். அதற்குத்தான் போனோம்.

இங்கே நம்மை நிறுத்திய கல் ஒன்று உண்டு. புள்ளப்பை என்ற பெண்ணின் நினைவைச் சொல்லும் கல்வெட்டு. யார் இந்தப் புள்ளப்பை? சாமுண்டராயனின் தங்கை. சாமுண்டராயன் கங்க அரசின் அமைச்சன், படைத்தலைவன்; கர்நாடகத்துச் சிரவணபெளகொளாவில் ஒரே கல்லில் 57 அடி உயரத்துக்குக் கோமடேசுவரர் சிலையை நிறுத்தியவன். ஆண்டு 981 என்பார்கள். உலகமே அண்ணாந்து பார்க்கிறது அந்த அண்ணனுடைய சிலையை. தங்கை இங்கே, கொங்கு நாட்டின் இந்தப் பள்ளியிலே, உணவை விட்டு உயிரை விட்டாள். சல்லேகனை என்று அதற்குப் பெயர். 2015-ல் இராசத்தான் உயர்நீதிமன்றம் இந்த வழக்கத்தைத் தற்கொலைக்கு ஒப்பானது என்று தடுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 31-ல் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது.

பஞ்சாலைப் பெரியவர் அந்தக் கல்லுக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். “சோறு இருந்தும் உண்ணாமெ இருக்கறதுக்கும், உண்ணறதுக்குச் சோறு இல்லாமெ இருக்கறதுக்கும் வித்தியாசம் இருக்குதுங்க” என்றார். அவருக்கு 1984 நினைவுக்கு வந்துவிட்டது. அந்த ஆண்டு பஞ்சப்படிக்காகத் திருப்பூர்ப் பனியன் தொழிலாளர் 127 நாள் வேலை நிறுத்தம் செய்தார்கள். அந்த 127 நாளும் அடுப்பெரியாத வீடுகள் எத்தனை என்பது அந்தத் தெருக்களுக்குத் தெரியும். 2020-ல் ஊரடங்கு வந்தது, ஷிப்டு நின்றது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது, ஆர்டர் நின்றது. எங்கோ ஒருவன் கையெழுத்துப் போட, இங்கே உலை கொதிக்க மறுத்தது. புள்ளப்பையின் பட்டினி உயிரை விடுவதற்கு. நமது தோழர்களின் பட்டினி உயிரோடு இருப்பதற்கு. அவளுடைய உறுதியை நாம் பழிக்கவில்லை. ஆனால் எந்தப் பட்டினியையும் புனிதம் என்று பாட நமது நா எழாது.

இனி, நாம் சொல்ல வந்த செய்தி.

விஜயமங்கலத்தைச் சேர்ந்தவராகக் கொங்கு நாடு போற்றுகிறவர் கொங்குவேளிர். பெருங்கதை என்ற காப்பியத்தைத் தமிழில் செய்தவர். உதயணனுடைய வரலாறு அது. உ. வே. சாமிநாதையர் அதை 1924-ல் அச்சிட்டார். முதலும் இல்லை, முடிவும் இல்லை. செல்லரித்தது போக மிஞ்சியதுதான் கிடைத்தது. பத்து மைலுக்குள்ளே இருக்கிற சீனாபுரந்தான் பவணந்தி முனிவர் பிறந்த சனகாபுரம் என்பது கொங்கு நாட்டறிஞர் முடிபு. நன்னூல் செய்த பவணந்தி! சீயகங்கன் என்ற சிற்றரசன் கேட்க, சுமார் 800 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இலக்கணம். சிலப்பதிகாரத்துக்கு உரை கண்ட அடியார்க்கு நல்லாரின் நிரம்பையும் இந்த வட்டாரமே என்பார்கள். அந்த உரை இல்லாவிட்டால் பழந்தமிழரின் இசையையும் கூத்தையும் பற்றி நமக்கு எவ்வளவு தெரிந்திருக்கும்? மறைந்துபோன எத்தனையோ நூல்களின் பெயரையே அந்த உரைதான் நமக்குச் சொல்லுகிறது. கொங்குமண்டல சதகம் பாடிய கார்மேகக் கவிஞரும் விஜயமங்கலத்துச் சமணரே. ஒரு நாள் நடையிலே சுற்றி வரக்கூடிய வட்டத்துக்குள்ளே ஒரு காப்பியம், ஒரு இலக்கணம், ஒரு பேருரை, ஒரு சதகம்! அந்த வட்டத்துக்கு இன்றைக்கு நாம் வைத்திருக்கும் பெயர்: டோல்கேட்.

கொங்குவேளிரைப் பற்றிச் சதகம் சொல்லுகிற ஒரு கதை நமது இளைஞர்களுக்கு மிகவும் பிடித்துவிட்டது. சங்கத்துப் புலவர்கள் இவருடைய புலமையைச் சோதிக்க வந்து கேள்விகளை அடுக்குகிறார்கள். வேளிர் பதில் சொல்லவில்லை. தன் வீட்டுப் பணிப்பெண்ணைக் கூப்பிட்டு அவளைப் பதில் சொல்லவைக்கிறார். அவள் சொல்லுகிறாள், புலவர்கள் திகைத்துப் போகிறார்கள். கதையாக இருக்கலாம். கதையையும் ஒருவன் ஏதோ ஒரு ஆசையிலேதான் கட்டுகிறான். ஏவல் செய்கிற பெண்ணுக்குத் தமிழ் தெரியும் என்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஆசைப்பட்ட ஒரு நாடு இருந்தது! இன்று செக்கிங் மேசையிலே நிற்கிற பெண்ணிடம் எந்தப் புலவனாவது கேள்வி கேட்க வருவானா? வந்தால்தான், பதில் சொல்ல அவளுக்கு நாம் என்ன வாய்ப்புத் தந்திருக்கிறோம்?

விஜயமங்கலத்திலிருந்து சீனாபுரம் போனோம். அங்கே ஆதிநாதர் கோயில் இருக்கிறது. அதுவும் ஆளரவமற்ற அமைதி. சந்தை நாளல்ல என்பதால் மாடும் இல்லை. அங்கே உட்கார்ந்து, கட்டிங் மாஸ்டர் தன் கைப்பேசியிலே நன்னூலைத் தேடி எடுத்தார். இருக்கிறது, காசில்லாமல் இருக்கிறது! எழுத்தையும் சொல்லையும் தொடுவதற்கு முன்னால், ஆசிரியன் எப்படி இருக்க வேண்டும், மாணவன் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லித்தான் நூலைத் தொடங்குகிறார் முனிவர். மாணவரைத் தரம் பிரிக்கிறார். பசுவைப் போன்றவன் முதல் தரம்: கண்ட புல்லை வயிறு நிறைய மேய்ந்துவிட்டு, பிறகு ஓரிடத்தில் நின்று அசைபோடுகிறவன். மாட்டுச் சந்தை ஊரிலே பிறந்தவருக்கு வேறு எந்த உவமை வரும் என்று நமக்குத் தோன்றியது; அன்று அங்கே சந்தை கூடியதா என்று கேட்டுவிடாதீர்கள்! கடைசித் தரத்திலே ஓட்டைக் குடம் ஒன்று, நெய்யரி ஒன்று. நெய்யரி என்பது வெண்ணெய் காய்ச்சி இறக்குகிற வீட்டிலே நெய் வடிகட்டுகிற பன்னாடை. ஊத்துக்குளிப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நல்ல நெய்யைக் கீழே விட்டுவிடும். கசடை மட்டும் தன்னிடம் வைத்துக்கொள்ளும்.

அங்கேதான் நமக்குச் சுருக்கென்றது.

சமணரைப் பற்றி நமது மேடைகளிலே நாம் பேசுவது என்ன? எண்ணாயிரம் சமணரைக் கழுவேற்றினார்கள் என்பது. பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பெரியபுராணத்திலே சேக்கிழார் சொல்லுகிற செய்தி அது; நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்குப் பல நூற்றாண்டு பிந்திய ஏடு. நடந்ததா, எவ்வளவு நடந்தது என்பதை வரலாற்று ஆசிரியர்கள் வாதாடட்டும். கழுமரத்தைப் பெருமையாகப் பாடியது பிழை என்று சொல்ல நாம் தயங்கப் போவதில்லை. ஆனால் தோழர்களே, கழுவேறியவர்களின் எண்ணிக்கை நமக்கு மனப்பாடம். அவர்கள் எழுதி வைத்துவிட்டுப் போன நூலில் பத்துப் பக்கம் நமக்குத் தெரியுமா? செத்த சமணரை மேடைக்குத் தூக்கி வந்தோம். எழுதிய சமணரைக் கோயிலிலே தனியாக விட்டுவிட்டோம். கைதட்டு வாங்குகிற கசடைப் பிடித்துக்கொண்டோம். நெய் கீழே போய்விட்டது. பவணந்தி நம்மை எந்தத் தரத்திலே உட்காரவைப்பார்?

மயிலை சீனி. வேங்கடசாமி “சமணமும் தமிழும்” என்ற நூலை 1954-ல் வெளியிட்டார். நமது பழைய தோழர்கள் அதைப் படித்தவர்கள், படித்துவிட்டு விவாதித்தவர்கள். பிற்பாடு வந்த நாம் நூலை விட்டோம், முழக்கத்தை வைத்துக்கொண்டோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நமது தொழிலைத் தொடுகிற செய்தி. சமணத் துறவிகள் தண்ணீரைத் துணியால் வடிகட்டியே குடிப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிரும் சாகக்கூடாது என்ற கட்டுப்பாடு. பைத்தியக்காரத்தனம் என்று சிரித்தவர்கள் உண்டு. அவர்கள் துணியால் தண்ணீரைக் காத்தார்கள்; நாமோ துணிக்காகத் தண்ணீரைக் கெடுத்தோம்! பாசனத்துக்கென்று நொய்யலின் குறுக்கே 1992-ல் கட்டி முடித்த ஓரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீர்த் தொட்டியாக மாறிய கதை நம் எல்லாருக்கும் தெரியும். 2011 ஜனவரி 28-ல் சென்னை உயர்நீதிமன்றம் எழுநூற்றுக்கு மேற்பட்ட சாயப் பட்டறைகளை மூடச் சொல்லும் வரை போனது அந்தக் கேடு. மூடியபோது கெட்டது யார் பிழைப்பு? ஆற்றைக் கெடுத்து இலாபம் பார்த்தவன் வேறு தொழிலுக்குப் போனான். சாயத் தொட்டியிலே கை நனைத்தவன் ஊருக்குப் போனான். சிற்றுயிருக்காகத் துணி பிடித்தவனைப் பைத்தியம் என்று சிரிப்பதற்கு முன், நொய்யல் கரை உழவனைக் கொஞ்சம் பார்த்துவிட்டு வந்து சிரிக்கலாம்.

பள்ளி என்ற சொல்லுக்கு வருவோம். நம் பிள்ளைகள் போகிற பள்ளிக்கூடத்தின் பள்ளிதான். முதலில் அது சமணரும் பௌத்தரும் தங்கிய இடத்துக்குப் பெயர். வீரசங்காதப் பெரும்பள்ளி என்ற பெயர் கொங்குக் கல்வெட்டிலேயே வருகிறது. துறவி தங்கிய இடத்தில் பிள்ளைகள் எழுத்துப் படிக்க, தங்கும் இடத்தின் பெயரே படிக்கும் இடத்தின் பெயராயிற்று. நான்கு கொடைகளைக் கடமையாகச் சொன்னார்கள் சமணர்: பசித்தவனுக்குச் சோறு, நோயாளிக்கு மருந்து, அஞ்சி வந்தவனுக்கு அடைக்கலம், நான்காவது நூல். நூலைப் படியெடுத்துக் கொடுப்பது சோறு போடுவதற்குச் சமம்! கன்னட நாட்டிலே அத்திமப்பே என்ற அம்மையார் பொன்னன் எழுதிய சாந்திபுராணத்தை ஆயிரம் படி எடுக்கச் செய்து கொடுத்தார். அச்சு யந்திரம் கனவிலும் இல்லாத பத்தாம் நூற்றாண்டிலே, ஓலையிலே, எழுத்தாணியாலே, ஆயிரம் படி! நமது புள்ளப்பை வாழ்ந்த அதே நூற்றாண்டு.

இந்தப் பழக்கத்தின் பலனைத்தான் நாம் உண்டுகொண்டிருக்கிறோம். சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887-ல் அச்சிட்டாரே, அதற்கு முன் அதன் பொருள் விளங்காமல் அவர் எங்கே போனார்? கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போனார். சைவத்திலே ஊறிய அந்தணர். பெரும் புலவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். அவருக்குத் தெரியாத செய்தி அந்தச் சமணக் குடும்பங்களுக்குத் தெரிந்திருந்தது. ஏனென்றால் அவர்கள் அந்த நூலை வீட்டிலே வைத்துப் படித்துக்கொண்டேயிருந்தார்கள். அரசு போய்விட்டது, ஆதரித்த மன்னன் போய்விட்டான், ஏசினார்கள், எள்ளினார்கள். ஏட்டை மட்டும் விடவில்லை. கையிலே வாளில்லாத ஒரு சிறு கூட்டம் ஒரு மொழியின் பெருநூல்களைக் காப்பாற்றிய வழி இவ்வளவுதான்: படித்தார்கள், படியெடுத்தார்கள், அடுத்தவனுக்குக் கொடுத்தார்கள்.

நமக்கும் ஒரு பள்ளி இருந்தது தோழர்களே. படிப்பகம் என்று பெயர் வைத்தோம். கூரைக் கொட்டகை, ஒரு பெஞ்சு, ஒரு அரிக்கேன் விளக்கு, சந்தா கட்டி வாங்கிய நாளேடு. எழுத்துத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிப்பார். தெரியாத இருபது பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். கேட்டுக் கேட்டே எழுத்துக் கற்றுக்கொண்டவர்கள் உண்டு. கற்றுக்கொண்டு மேடையேறி, மேடையிலிருந்து சட்டமன்றம் போனவர்களும் உண்டு. காளைகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு நேரே படிப்பகத்துக்கு வந்த குடியானவனையும், சாட்டையைத் திண்ணையிலே சாத்திவிட்டு “இன்னிக்கு என்னங்க போட்டிருக்குது?” என்று கேட்ட வண்டிக்காரனையும் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இன்றைக்கு நம் வட்டாரத்துப் படிப்பகங்களைப் போய்ப் பாருங்கள். பெயர்ப் பலகை இருக்கும். திறப்பு விழாக் கல்வெட்டு பளபளக்கும். கதவிலே பூட்டு. தேர்தல் நேரத்திலே திறப்பார்கள், சுவரொட்டிக் கட்டு வைக்க.

விஜயமங்கலத்தின் அமைதிக்கும் நமது படிப்பகத்தின் அமைதிக்கும் ஒரு வேற்றுமை உண்டு. அங்கே ஆளில்லாமல் போனதற்குப் பல நூற்றாண்டு ஆயிற்று. அரசு மாறியது, சமயம் மாறியது, குடிகள் மாறினார்கள். நமது படிப்பகம் வெறிச்சோடிப் போவதற்கு ஐம்பது ஆண்டுகூட ஆகவில்லை. எதிரி யாரும் வந்து இடிக்கவுமில்லை.

கைப்பேசி வந்துவிட்டதே, எல்லாம் அதிலே படிக்கலாமே என்பார்கள். நாமே சீனாபுரத்தில் அதிலேதான் படித்தோம். ஆனால் நால்வர் உட்கார்ந்து, ஒருவர் படிக்க, ஒருவர் பொருள் சொல்ல, ஒருவர் மறுக்கப் படித்தோம். பெரியவருக்கு நெய்யரி தெரிந்திருந்தது, நன்னூல் தெரியாது. மாஸ்டருக்குக் கைப்பேசியில் நன்னூலைத் தேடத் தெரிந்தது, நெய்யரி தெரியாது. இரண்டும் ஒரு பெஞ்சிலே சேர்ந்தபோதுதான் விளங்கியது.

ஆகவே சிலவற்றைக் கேட்கிறோம். நெடுஞ்சாலையிலே போகிறவன் கண்ணுக்குத் தெரியும்படி, இங்கே கொங்குவேளிர் வாழ்ந்தார், அங்கே பவணந்தி பிறந்தார் என்று பெரிய எழுத்திலே பலகை வைக்கட்டும் அரசு; கட்டண விவரம் எழுதுகிற அளவுக்குப் பெரிய எழுத்திலே. திருப்பூர், ஈரோடு மாவட்டப் பள்ளிகள் இலக்கணம் தொடங்குகிற வகுப்புப் பிள்ளைகளை ஒரு நாள் அங்கே கூட்டிப் போகட்டும். அது அரசின் வேலை. நமது வேலை வேறு. கிளைக்கு ஒரு படிப்பகம், மாதத்துக்கு ஒரு ஞாயிறு, இரண்டு மணி நேரம். நன்னூல்தான் வேண்டும் என்பதில்லை. கூலி ஒப்பந்தத்தையே எடுத்து வரி வரியாகப் படியுங்கள். கையெழுத்தான ஒப்பந்தத்திலே என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்த்த தொழிலாளி நமது கிளையிலே எத்தனை பேர்?

பொழுது சாய்ந்து குண்டடம் வந்து இறங்கினோம். டெய்லர் தோழர் வீட்டுக்குப் போகாமல் நேரே தேநீர்க் கடைக்கு நடந்தார். படிப்பகத்துச் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்தார். முன்னாள் செயலாளரிடம் என்றார்கள். அவர் திருப்பூருக்குக் குடிபோய்விட்டார். அவருடைய தம்பியிடம் ஒரு சாவி இருப்பதாக இன்னொருவர் சொன்னார். தம்பி வீட்டிலே அது அரிசிப் பானைக்குப் பின்னாலே கிடைத்தது. பூட்டிலே துருவேறியிருந்தது, சாவி நுழைந்தது, திரும்பவில்லை. கடைக்காரர் கிண்ணியிலே கொஞ்சம் தேங்காயெண்ணெய் கொண்டுவந்து கொடுத்தார். “நாளைக்கு வந்து பாருங்க, ஊறட்டும்” என்றார் பஞ்சாலைப் பெரியவர்.